இருபத்து மூன்று பென்ஸுக்கு ஒரு 'ஏனென்றால்'

ஒரு 'ஏனென்றால்' இருபத்து மூன்று பென்ஸ். 'ஆனால்' அதே விலை. 'இருந்தாலும்', 'ஆகையால்', 'இல்லாவிட்டால்' எல்லாமே அதே விலைதான். 'மற்றும்' மட்டும் எட்டு பென்ஸ். யாருக்கும் கெடுதல் நினைக்காத சொல் என்பதால் சலுகை.

மனித இனம் பேச ஆரம்பித்த நாள் முதல் இந்த இணைப்புச் சொற்களை விலை கேட்காமல் அள்ளி இறைத்துக்கொண்டிருந்தது. அவற்றுக்கு முதன்முதலாக விலை வைத்து, உலகத்தை அந்த ஊதாரித்தனத்திலிருந்து மீட்ட பெருமை வட இங்கிலாந்தில் எங்கள் கிளாதர்பி நகர மன்றத்தையே சேரும். பின்னாளில் வரலாறு எழுதுபவர்கள் நீராவி இயந்திரத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குவார்கள். அந்த மன்றத்தின் குடியிருப்புத் துறையில், கடிதப் பிரிவில், பத்தொன்பது வருடமாக நாற்காலி தேய்ப்பவன் நான். இதை வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே கட்டணம் கிடையாது. கொஞ்சம் தாராளமாகவே செலவழிப்பேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஆட்களைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே யாரும் யாரிடமும் 'முடியாது' என்று சொல்வதில்லை. முதலில் நல்லதாக நாலு வார்த்தை வரும். பிறகு ஒரு 'ஆனால்'. அதற்குப் பிறகுதான் விஷயம். "உங்க நாய் ரொம்ப அழகு, ஆனா…" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஆரம்பித்தால் அவருடைய ரோஜாச் செடி போய்விட்டது என்று பொருள். எங்கள் குடும்பம் சந்தையில் திரைச்சீலைத் துணி விற்ற குடும்பம். "என்ன அருமையான துணி, இந்த நீலத்தை எங்கயுமே பார்த்ததில்ல" என்று வாடிக்கையாளர் உருகும்போதெல்லாம் அப்பா ஆப்பிள் கடித்துக்கொண்டிருப்பார். காதிலேயே வாங்க மாட்டார். 'ஆனா' என்ற சொல் விழுந்ததும் ஆப்பிளைக் கீழே வைப்பார். வியாபாரம் அந்த இடத்தில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் பொட்டலம் கட்டுகிற காகிதம்.

இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் என்னிடம், "நீங்க ரொம்ப நல்லவர், டெரிக்" என்றாள். பின்னால் வரப்போகும் 'ஆனா'வுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது வரவில்லை. அதனால்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. அந்த 'ஆனா' பிறகு தவணை முறையில் வந்து சேர்ந்தது, அது வேறு கதை.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் ஜனவரி மாதம் ரூபர்ட் ஆஷ்வெல் லண்டனிலிருந்து வந்தார். 'தெளிவு ஆலோசகர்'. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது; அவர் ஷூவுக்குள் சாக்ஸ் போட்டிருக்கவில்லை. இப்படிப்பட்டவர் எதையும் வேண்டாம் என்று தூக்கி எறியக்கூடியவர் என்பது அப்போதே எங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"உங்க கடிதங்களை எல்லாம் படிச்சுப் பார்த்தேன்," என்றார். "எல்லாமே ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு."

"ஒட்டிக்கிட்டா?" என்றார் மார்கோ பெல்லிங்கம். எங்கள் துறைத் தலைவி. தலையில் பேன் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு வந்ததுபோல் அவர் முகம் மாறியது.

"ஆமா. ஒரு வாக்கியம்னா ஒரு உண்மை. அதோட நிறுத்திடணும். ரெண்டு உண்மையைப் பக்கத்துல உட்கார வெச்சு, நடுவுல ஒரு சொல்லைப் போட்டு முடிச்சுப் போட்டா என்ன ஆகும்? சண்டை வரும்." வெள்ளைப் பலகையில் எழுதினார்: 'லிஃப்ட் ஓடவில்லை, ஏனென்றால் மன்றம் அதைப் பழுதுபார்க்கவில்லை.' என் பக்கம் திரும்பினார். "இதைப் படிச்சா உங்களுக்கு என்ன தோணுது?"

"மன்றம் பழுதுபார்க்கலன்னு தோணுது."

"பாருங்க, எவ்வளவு எதிர்மறையான உணர்வு." ஒரே ஒரு சொல்லை விரலால் அழித்து, அந்த இடத்தில் புள்ளி வைத்தார். 'லிஃப்ட் ஓடவில்லை. மன்றம் அதைப் பழுதுபார்க்கவில்லை.' "இப்போ?"

"இப்பவும் அதேதான் தோணுது."

"இல்ல. இப்போ இது ரெண்டு தனித்தனித் தகவல். ஒரே பஸ்ல பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்து வர்ற ரெண்டு பேர் மாதிரி. அவங்களுக்குள்ள பேச்சே கிடையாது."

எங்கள் நாட்டில் இதைவிட மரியாதையான உவமை ஒன்றைச் சொல்லிவிட முடியாது. அறையில் பலமாகத் தலையாட்டல் நடந்தது.

"எழுதறவங்க காரணம் சொல்ல வேண்டி வந்தா?" என்று கேட்டேன்.

"காரணம் வாசகரோட தனியுரிமை, டெரிக். அதுல அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது."

அதற்குமேல் கேட்க எனக்குக் கூச்சமாகிவிட்டது. யாருடைய தனியுரிமையிலும் நான் இதுவரை மூக்கை நுழைத்ததில்லை.

பிறகு அவர் கணக்குப் போட்டார். மை, காகிதம், ஒவ்வொரு இணைப்புச் சொல்லையும் பிடித்துக்கொண்டு தொலைபேசியில் 'ஏன், ஏன்' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் நேரம் எல்லாவற்றையும் கூட்டி, வகுத்து, சொல் ஒன்றுக்கு இருபத்து மூன்று பென்ஸ் நஷ்டம் என்று அறிவித்தார். இனி அலுவலக நேரத்தில் எழுதினாலும் பேசினாலும், பயன்படுத்துபவர் கையிலிருந்து அந்தத் தொகையைப் பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும்.

"அற்புதமான யோசனை," என்றார் மார்கோ, "ஆனா—"

டப்பா மேசையில் சறுக்கிக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றது.

மார்கோவிடம் சில்லறை இல்லை. ஒரு பவுண்டு நாணயத்தைப் போட்டார். கொடுத்த காசுக்குச் சரக்கு வாங்காமல் போகிறவர் அல்ல அவர். "ஏன்னா," என்றார் கொஞ்சம் யோசித்து. "இருந்தாலும். ஆகையால." மீதி எட்டு பென்ஸ் இருந்தது. "மற்றும்," என்று சொல்லிக் கணக்கை நேர்செய்துவிட்டு உட்கார்ந்தார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

திட்டத்தின் இரண்டாம் பகுதிதான் மேதைமை. நல்ல தகவலும் கெட்ட தகவலும் ஒரே கடிதத்தில் இருந்தால் வாசகர் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது அல்லவா? ஆகவே தனித்தனி உறை. நல்ல தகவல் முதல் வகுப்புத் தபாலில் மறுநாளே போய்விடும். கெட்ட தகவல் இரண்டாம் வகுப்பில் ஆற அமர நடந்து போகும். எங்கள் தபால்துறை இரண்டு வகுப்புகளை இத்தனை காலம் எதற்காக வைத்திருந்தது என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பிப்ரவரி முதல் தேதி வேலை தொடங்கியது. பழைய கடித மாதிரிகளை எடுத்து, 'ஆனால்' வரும் இடத்தில் வெட்டி, முன்பாதியை ஒரு தட்டிலும் பின்பாதியை இன்னொரு தட்டிலும் போடுவேன். துணிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவன். நேராக வெட்ட எனக்குத் தெரியும்.

மார்ச் கடைசியில் லார்க்ஃபீல்டு ஹவுஸ் கோப்பு வந்தது. எங்கள் ஊரில் உயரமான கட்டடம் அது ஒன்றுதான், எட்டு மாடி. லிஃப்ட் அக்டோபரிலிருந்து ஓடவில்லை. ஆறாவது மாடியில் எட்னா கார்ஸ்டாங், அவர் கணவர் வில்ஃப். வில்ஃப் சக்கர நாற்காலிக்காரர். முப்பத்தொரு வருடமாக, புல்தரையில் பந்து உருட்டி ஆடும் கழகத்தில் ஆட்டக் கணக்கு எழுதுபவர். கால் போன பிறகும் பென்சில் போகவில்லை. ஏப்ரல் முதல் சனிக்கிழமை பருவத்தின் முதல் ஆட்டம். அதற்குள் அவர் கீழே இறங்கியாக வேண்டும் என்பதுதான் எட்னா மன்றத்துக்கு எழுதிய பதினோரு கடிதங்களின் சாரம்.

பதில் பழைய மாதிரியில் தயாராக இருந்தது: 'திரு. கார்ஸ்டாங் முதல் ஆட்டத்துக்குச் செல்லும்படி, ஏப்ரல் முதல் சனிக்கிழமைக்குள் உங்கள் லிஃப்டைச் சரிசெய்ய மிகவும் விரும்புகிறோம், ஆனால் நிதி இல்லை.' வெட்டினேன். முன்பாதி முதல் வகுப்பில் போனது. பின்பாதி இரண்டாம் வகுப்பில் புறப்பட்டது. நடுவில் ஈஸ்டர் விடுமுறை.

மறுநாள் மதியம் தொலைபேசி அடித்தது.

"கண்ணு, எட்னா கார்ஸ்டாங் பேசறேன். லார்க்ஃபீல்டு ஹவுஸ். கடுதாசி வந்துச்சு."

"ரொம்ப சந்தோஷம், மிஸஸ் கார்ஸ்டாங்."

"மீதி எங்க?"

"எந்த மீதிங்க?"

"'சரிசெய்ய மிகவும் விரும்புகிறோம்'னு போட்டிருக்கு. அப்புறம் புள்ளி. திருப்பிப் பார்த்தேன், வெறும் வெள்ளை. உறைக்குள்ள கையை விட்டுத் துழாவினேன். 'ஆனா' எங்க?"

"அதுல 'ஆனா' இல்லைங்க."

ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு பேசுவதுபோல்: "வில்ஃப், அதுல 'ஆனா' இல்லையாம்."

பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல்: "நல்லாக் கேளு எட்னா. மன்றத்துக்காரன் 'ஆனா' போடாம பொறந்தநாள் வாழ்த்துகூட எழுத மாட்டான். 'இருந்தாலும்'னு எங்கயாவது ஒளிஞ்சிருக்கும்."

"'இருந்தாலும்' இருக்கா கண்ணு?"

"இல்லைங்க."

"'எனினும்'?"

"இல்லைங்க."

"'துரதிருஷ்டவசமாக'?"

"அதையும் எடுத்துட்டோம்."

"ஒண்ணுமே இல்லையாம் வில்ஃப்." அறுபது வருடமாக 'ஆனால்' கேட்டே பழகிய பெண்மணி. "அப்போ நிஜமாவே செய்யறாங்க."

என் முழங்கைப் பக்கத்தில் பிஸ்கட் டப்பா இருந்தது. கால்சட்டைப் பையில் சில்லறையும் இருந்தது. ஒரு 'ஆனால்' வாங்கி அவர் காதில் போட்டிருக்கலாம். இரண்டு மேசை தள்ளி மார்கோ தலையைத் தூக்கிப் பார்த்தார். "உங்களுக்கு நல்ல ஈஸ்டரா அமையட்டும், மிஸஸ் கார்ஸ்டாங்," என்று சொல்லி வைத்துவிட்டேன். இருபத்து மூன்று பென்ஸ் மிச்சம்.

அந்தச் சனிக்கிழமை நடந்ததைப் பிறகு கீழ் வீட்டுக்காரர் சொல்லிக் கேட்டேன். காலை ஒன்பது மணிக்கே வில்ஃப் கழகத்துக் கோட்டு, டை, காதில் பென்சில், மடியில் கணக்குப் புத்தகம் என்று லிஃப்ட் கதவுக்கு எதிரே போய் உட்கார்ந்துவிட்டார். எட்னா கழகத்துக்காரர்களுக்காக இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். பத்து மணிக்குக் கீழ் வீட்டுக்காரர் தன் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"தூக்கிட்டுப் போயிடறோம் வில்ஃப். அரை மணி நேரத்துல கீழ இருப்பீங்க."

"வேணாம்ப்பா. ஆள் வந்து, நான் இல்லைன்னா நல்லா இருக்காது."

"அவங்க வருவாங்கன்னு யார் சொன்னது?"

"கடுதாசி. 'ஆனா'வே இல்லாத கடுதாசி. நீ உன் ஆயுசுல பார்த்திருக்கியா? எட்னா, அதைக் காட்டு அவருக்கு."

கடிதத்தைப் பார்த்த கீழ் வீட்டுக்காரரும் அதைத் திருப்பிப் பார்த்திருக்கிறார், உறைக்குள் ஊதிப் பார்த்திருக்கிறார். பிறகு அவரும் நம்பிவிட்டார். மகன்களை அனுப்பிவிட்டு, தானும் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான்கு மணி வரை மூன்று பேரும் லிஃப்ட் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு மணிக்கு எட்னா துணியைப் பிரித்து, ஆறிப்போன பலகாரத்தை மூன்றாக வெட்டினார்.

செவ்வாய்க்கிழமை இரண்டாம் வகுப்புத் தபால் வந்தது. 'நிதி இல்லை.' இரண்டே சொல். ஒரு வாக்கியம், ஒரு உண்மை. நான் எழுதியவற்றிலேயே இலக்கணம் மாதிரி அமைந்த கடிதம் என்று மார்கோ அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

நிதி எங்கே போயிற்று என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது உங்கள் தனியுரிமை. நிதிக் குழுவின் ஜனவரி மாதக் கூட்டக் குறிப்பைத் தட்டச்சு செய்தவன் நான்தான். அதன் பதினான்காம் பக்கத்தில் இருப்பதை அப்படியே தருகிறேன். 'லிஃப்ட் பழுதுபார்ப்பு நிதியிலிருந்து முப்பத்தெட்டாயிரம் பவுண்டு எடுக்கப்பட்டது. தெளிவு ஆலோசகர் திரு. ஆஷ்வெலுக்கு முப்பத்தெட்டாயிரம் பவுண்டு வழங்கப்பட்டது.' இரண்டு வாக்கியம். நடுவில் ஒரு புள்ளி. ஒரே பஸ்ஸில் வந்த இரண்டு பேர்.

திட்டத்தின் வெற்றியை யாராலும் மறுக்க முடியாது. குடியிருப்பவர்களின் புகார்கள் பாதியாகக் குறைந்தன. ஏதோ ஒன்றினால் ஏதோ ஒன்று ஆயிற்று என்று எழுதினால்தானே அது புகார்? எங்கள் புதிய படிவத்தில் அதற்கு இடமே இல்லை. 'சுவரில் ஈரம் உள்ளது' என்று ஒரு கட்டம். 'குழந்தைக்கு இருமல் உள்ளது' என்று இன்னொரு பக்கத்தில் இன்னொரு கட்டம். முதல் கட்டம் பொறியாளருக்குப் போகும். இரண்டாவது கட்டத்தைப் பார்த்துவிட்டு நாங்கள், குழந்தை விரைவில் குணமடைய வாழ்த்துவோம். முதல் வகுப்புத் தபாலில்.

மே மாதம் மாவட்டத் தெளிவு விருது எங்களுக்குக் கிடைத்தது.

இதற்கிடையில் வில்ஃப் சும்மா இருக்கவில்லை. ஆறாவது மாடி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் பந்துக் கழகத்துப் புல்தரை முழுசாகத் தெரியும். பறவை பார்க்கிற மருமகனிடமிருந்து தொலைநோக்கி வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் கழகத்துக்காரர்கள் ஜன்னலைப் பார்த்துக் கையைத் தூக்கி விரல் காட்டுவார்கள். வில்ஃப் எழுதிக்கொண்டு, சமையலறை விளக்கை ஒருமுறை அணைத்து ஏற்றுவார். பதிவாயிற்று என்று அர்த்தம். முப்பத்தொரு வருடத்தில் ஒரு சுற்றுகூட விட்டுப்போகவில்லை. இந்த வருடமும் முதல் ஆட்டத்தைத் தவிர விட்டுப்போகவில்லை.

விருது கிடைத்தால் ஊருக்குத் தெரிய வேண்டும் அல்லவா? பெரிய பதாகை ஒன்று தயாரானது. 'தெளிவு எங்கள் பழக்கம்.' பதினெட்டு மீட்டர் நீளம். அதை மாட்டும் அளவுக்கு உயரமான சுவர் கிளாதர்பியில் ஒன்றுதான் இருக்கிறது.

பதாகை அங்கே ஏறிய சனிக்கிழமை கழகத்துக்காரர்கள் விரலைத் தூக்கிக்கொண்டே நின்றார்களாம். விளக்கு அணையவும் இல்லை, எரியவும் இல்லை.

"என்ன தெரியுது வில்ஃப்?" என்று எட்னா கேட்டாராம்.

"ஏதோ ஒரு எழுத்தோட முதுகு தெரியுது. எந்த எழுத்துன்னு தெரியல."

எட்னா துணிக் கத்தரியை எடுத்து வந்தார். ஜன்னலைத் திறந்தார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக, பிசிறில்லாமல் ஒரு ஓட்டை. அடுத்த ஆட்டத்தை வில்ஃப் அதன் வழியாகத்தான் எழுதினார்.

ஓட்டையைக் கண்டதும் மன்றம் காட்டிய வேகத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டே நாளில் மூன்று தொழிலாளர்கள் கருவிப்பெட்டியோடு ஆறு மாடி படியேறினார்கள். லிஃப்ட் ஓடாததைப் பற்றி வழிநெடுகக் குறைபட்டுக்கொண்டே போய், ஓட்டைக்கு ஒட்டுத் துணி வைத்துத் தைத்துவிட்டு வந்தார்கள். அவசரப் பழுது. செலவு நூற்று நாற்பது பவுண்டு. அதை எட்னாவிடம் வசூலிக்கக் கடிதம் எழுதச் சொன்னார் மார்கோ. எழுதிக் கொடுத்தேன்: 'பதாகையில் ஓட்டை இருந்தது. நீங்கள் நூற்று நாற்பது பவுண்டு செலுத்த வேண்டும்.'

மார்கோ இரண்டு தடவை படித்தார். "சரியா வரலையே, டெரிக். எதுக்காகக் கட்டணும்னு அவங்களுக்குப் புரியாதே."

"காரணம் வாசகரோட தனியுரிமை."

"விளையாடாதீங்க. இது காசு விஷயம்."

ரூபர்ட்டுக்குத் தொலைபேசி போட்டோம். அவர் லண்டனிலிருந்தபடியே அரை நிமிடத்தில் சிக்கலை அவிழ்த்தார். "மன்றத்துலேர்ந்து குடியிருக்கறவங்களைப் பார்த்துக் கீழ இறங்கற 'ஏனென்றால்' ஆரோக்கியமானது. கீழேர்ந்து மேல ஏறி வர்றதுதான் தொத்து வியாதி."

துறைச் செலவில் மார்கோ டப்பாவுக்குள் இருபத்து மூன்று பென்ஸ் போட்டார். நான் எழுதினேன்: 'நீங்கள் நூற்று நாற்பது பவுண்டு செலுத்த வேண்டும், ஏனென்றால் பதாகையை வெட்டியது நீங்கள்.' நாலு மாதத்துக்குப் பிறகு எழுதும் முழு வாக்கியம். எவ்வளவு அழகாக நின்றது தெரியுமா? முதல் வகுப்பில் அனுப்பினோம்.

ஜூன் மாதப் பொதுக் கேள்வி நேரத்துக்கு எட்னா வந்திருந்தார். கேள்வி கேட்பவருக்கு மூன்று நிமிடம். முடிந்ததும் மணி அடிக்கும். மழைக்கோட்டை முதல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு, கையில் மூன்று கடிதங்களோடு எழுந்தார்.

"எனக்கு உங்ககிட்டேர்ந்து மூணு கடுதாசி வந்திருக்கு. மூணாவதுல ஒரு 'ஏனென்றால்' இருக்கு. நல்ல சரக்கு, குறை சொல்ல முடியாது. விலை இருபத்து மூணு பென்ஸ்னு உள்ளூர்ப் பேப்பர்ல போட்டிருந்தான்." பணப்பையைத் திறந்தார். ஒரு இருபது, ஒரு இரண்டு, ஒரு ஒன்று. மேசைக்கு நடந்து வந்து டப்பாவில் போட்டார். "எனக்கும் ஒண்ணு குடுங்க. லிஃப்ட் ஏன் ஓடல?"

மார்கோ புன்னகைத்தார். "திருமதி கார்ஸ்டாங் காட்டும் ஆர்வத்தை மன்றம் பாராட்டுகிறது."

எட்னா காத்திருந்தார். "அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"அது பாராட்டும்மா. நான் காசு குடுத்தது வேறொண்ணுக்கு."

"லிஃப்ட் ஓடவில்லை," என்றார் மார்கோ.

"தெரியும். எட்டு மாசமா படியேறுறேன்."

"நிதி இல்லை."

"அதுவும் தெரியும். அந்த ரெண்டுக்கும் முன்னாடி என்ன இருக்கு? அந்த நிதி எங்க போச்சு? என் வீட்டுக்காரர் ஜன்னலண்ட உட்கார்ந்து துணியைப் பார்த்துக்கிட்டிருக்கார். அவருக்குக் கொண்டு போய்க் குடுக்கணும். ஒரே ஒரு காரணம். பெருசா வேணாம். இருக்கறதைக் குடுங்க."

உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார்கள். அது என் மடியில் இருந்தது. எட்னாவும் அங்கே பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"கடுதாசில கையெழுத்துப் போடற டெரிக்தானே நீ? போன்ல பேசினியே. நீ சொல்லு கண்ணு."

பதினான்காம் பக்கத்தில் என் விரல் இருந்தது. சொல்லவேண்டியது ஒரே சொல். விலையும் கட்டியாகிவிட்டது. எழுந்து நின்றேன்.

"உங்க கோட்டு ரொம்ப நல்லா இருக்கு, மிஸஸ் கார்ஸ்டாங்," என்றேன்.

அவர் 'ஆனா'வுக்காகக் காத்திருந்தார். நானும்தான் காத்திருந்தேன். மணி அடித்தது.

எட்னா கடிதங்களை மடித்துக் கைப்பையில் வைத்தார். எங்கள் ஊர் வழக்கப்படி எல்லோருக்கும் நன்றி சொன்னார். ஆறு மாடி ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். இப்போதும் சனிக்கிழமைகளில் கழகத்துக்காரர்கள் ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும் லார்க்ஃபீல்டு ஹவுஸைப் பார்த்து விரலைத் தூக்குகிறார்கள். 'தெளிவு எங்கள் பழக்கம்' என்று பதாகை பதில் சொல்கிறது.

டப்பாவில் விழுந்த காசுக்குக் கணக்குக் காட்டாமல் இருக்க முடியாது. நாங்கள் நேர்மையான மன்றம். அரையாண்டுக் கணக்கை முடித்து, நானே கையெழுத்துப் போட்டேன். மிச்சப்படுத்திய இணைப்புச் சொற்கள்: நாற்பத்தோராயிரத்து இருநூற்று ஆறு. கடிதங்களில் செலவழித்த 'ஏனென்றால்': ஒன்று, பெற்றுக்கொண்டவர் திருமதி எட்னா கார்ஸ்டாங். குடியிருப்பவர்களிடமிருந்து ரொக்க வரவு: இருபத்து மூன்று பென்ஸ், செலுத்தியவர் அதே திருமதி எட்னா கார்ஸ்டாங். அதற்கு ஈடாகக் கொடுத்த சரக்கு: இல்லை. பாக்கி: 'ஏனென்றால்' ஒன்று. இருப்பிடம்: பதினான்காம் பக்கம், இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில், புள்ளிக்கு அடியில். அங்கே புள்ளி வைத்தவர்: கீழே கையெழுத்திட்டிருப்பவர்.